கோலாலம்பூர் குவான் டி கோயிலுக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலுக்கு வருகிற நம் ஆட்களில் பலர் அதே சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும் சீனக் கோயிலை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே போகலாமா, போனால் என்ன செய்வது, அங்கே இருப்பது என்ன சாமி என்று தெரியாத தயக்கம்தான் காரணம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

இது யாருடைய கோயில்?

குவான் யூ என்ற போர்வீரனின் கோயில். சாமியான பிறகு அவருக்கு குவான் டி என்று பெயர், மக்கள் வாயில் குவான் கோங். சுமார் 1800 வருடங்களுக்கு முன்னால் சீனாவில் உண்மையாகவே வாழ்ந்த மனிதர். இன்றைய ஷான்சி மாநிலத்தில் யுன்செங் பக்கம் பிறந்தவர். ஹான் பேரரசு உடைந்து, நாடு மூன்று ராச்சியங்களாகப் பிரிந்துகொண்டிருந்த காலத்தில் லியூ பெய் என்ற தலைவனுக்காகக் கடைசிவரை போர் செய்து 220-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எதிரிகளிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

கோலாலம்பூர் கோயில் 1888-இல் வந்தது. குவாங்சோவ், சாவ்சிங் வட்டாரங்களிலிருந்து வந்த கான்டனீஸ் மக்களின் குவோங் சியூ சங்கத்தோடு சேர்ந்தது. வேலை தேடி வந்தவர்கள் ஊர்க்காரர்களைத் தேடிப் பிடித்து, தங்க இடம், வேலைக்கு ஆள், செத்தால் அடக்கம் செய்ய நாலு பேர் என்று ஏற்பாடு செய்துகொண்ட சங்கங்களில் ஒன்று அது. அந்தக் காலத்தில் சங்கம் வேறு, கோயில் வேறு என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

எங்கே இருக்கிறது, எப்படிப் போவது?

ஜாலான் துன் எச்.எஸ். லீ. பழைய ஆட்கள் ஹை ஸ்ட்ரீட் என்பார்கள், அப்புறம் ஜாலான் பண்டார் ஆனது, பிறகு மலாயாவின் முதல் நிதியமைச்சர் பெயரை வைத்தார்கள். பாசார் செனி நிலையத்தில் எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில்கள் இரண்டும் நிற்கும், அங்கிருந்து நடந்தே போய்விடலாம். பெட்டாலிங் ஸ்ட்ரீட் இதற்கு அடுத்த தெரு. மாரியம்மன் கோயில் கோபுரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு வாருங்கள், எதிர்ப்பக்கம் கல் சிங்கங்கள் காவலுக்கு நிற்கும் வாசல் தெரியும். கார் எடுத்து வராதீர்கள், நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

காலையில் போவதுதான் நல்லது. மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், நம் கோயில் மாதிரி இரவு பூஜை வரை திறந்திருக்கும் என்று நினைத்துப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

போரில் தோற்றுச் செத்தவரை எப்படி சாமி ஆக்கினார்கள்?

இது நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இது புரியாமல் உள்ளே போனால் சிவப்பு முகச் சிலை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் இருக்கும்.

குவான் யூ பெரிய வெற்றி வீரன் இல்லை. லியூ பெய்க்காக அவர் காத்துவந்த சிங்சோவ் பகுதியைப் பறிகொடுத்தவர். கர்வம் பிடித்தவர் என்று அவர் காலத்துக்குச் சற்றே பிந்திய வரலாற்று ஆசிரியரே எழுதி வைத்திருக்கிறார். பக்கத்து ராஜா சுன் சுவான் தன் மகனுக்கு இவருடைய மகளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது, வந்தவரைத் திட்டி அவமானப்படுத்தி அனுப்பினார். அதே சுன் சுவானின் படைதான் பின்னால் அவரைப் பிடித்துத் தலையை வெட்டியது.

அப்படிப்பட்டவரை எதற்காகக் கும்பிடுகிறார்கள் என்றால், கொடுத்த வாக்குக்காக. 200-ஆம் ஆண்டில் அவர் சாவ் சாவ் என்ற மாபெரும் எதிரியிடம் சிறைப்பட்டார். சாவ் சாவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. பட்டம், பரிசு, பதவி என்று அள்ளிக் கொடுத்தார். குவான் யூ அவரிடம் நேராகவே சொல்லிவிட்டார்: உங்கள் அன்புக்குப் பட்ட கடனை அடைத்துவிட்டுத்தான் போவேன், ஆனால் போவது உறுதி, லியூ பெய்யோடு சாவதாகச் சத்தியம் செய்திருக்கிறேன் என்று. சொன்ன மாதிரியே சாவ் சாவின் எதிரித் தளபதி ஒருவனைப் போர்க்களத்தில் கொன்று கடனைத் தீர்த்தார். பிறகு கொடுத்த பரிசுகளை எல்லாம் முத்திரை வைத்து அப்படியே விட்டுவிட்டு, கடிதம் எழுதி வைத்துவிட்டு, லியூ பெய்யைத் தேடிப் போனார். துரத்திப் பிடிக்கட்டுமா என்று கேட்ட வீரர்களிடம், அவரவர் தலைவனுக்காக அவரவர் செய்கிறார்கள், விடுங்கள் என்றாராம் சாவ் சாவ். இது 'மூன்று ராச்சியங்களின் கதை' என்ற பழைய சீன நாவலில் வருவது மட்டும் இல்லை, வரலாற்றிலும் இருக்கிறது.

வெட்டிய தலையை சுன் சுவான் சாவ் சாவுக்கு அனுப்பி வைத்தார். சாவ் சாவ் ஒரு பெருங்குடி மகனுக்கு உரிய மரியாதையோடு அதை அடக்கம் செய்தார். அதனால் தலை லோயாங்கில், உடல் தாங்யாங்கில், ஆவி மட்டும் சொந்த ஊருக்குத் திரும்பியது என்று சீனர்கள் சொல்வார்கள்.

நம்மிடமும் இது உண்டுதானே? மலேசியத் தோட்டங்களில் மதுரை வீரனைக் கும்பிட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அநியாயமாகச் செத்த வீரன் ஊரைக் காப்பான் என்ற நம்பிக்கை எந்த ராஜாவும் உத்தரவு போட்டு வந்ததில்லை, மக்களிடமிருந்து வருவது. குவான் யூவுக்கும் முதலில் அவர் செத்த வட்டாரத்து மக்கள்தான் கோயில் வைத்தார்கள். அரசர்கள் சாமிக்குரிய பட்டம் கொடுக்கத் தொடங்கியது பல நூறு வருடம் கழித்துத்தான். சோங் வம்சத்தில் பட்டங்கள் வந்தன, 1614-இல் மிங் பேரரசர் வான்லி மூன்று உலகிலும் பேயை அடக்கும் பேரரசன் என்றே அறிவித்தார்.

தலை வெட்டிய பிறகு ஆவியாக வந்தார் என்று ஒரு கதை சொல்கிறார்களே?

ஆமாம், மூன்று ராச்சியங்களின் கதையில் வருவது, எனக்கு மிகவும் பிடித்த இடம். செத்த பிறகு குவான் யூவின் ஆவி, 'என் தலையைத் திருப்பிக் கொடு!' என்று கத்திக்கொண்டு யூச்சுவான் மலைக்கு மேலே வருகிறது. அங்கே ஒரு வயதான பௌத்த பிக்கு உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்கிறார்: நீ இன்று தலையைக் கேட்கிறாய், சரி, நீ வெட்டினாயே அத்தனை தளபதிகள், அவர்கள் எல்லாம் தங்கள் தலையை யாரிடம் போய்க் கேட்பார்கள்? அந்த ஒரு கேள்வியில் ஆவிக்கு ஞானம் வருகிறது. அதற்குப் பிறகு அந்த மலையில் மக்களுக்குத் துணையாக நிற்கிறது.

பௌத்தர்கள் இவரைத் தங்கள் ஆலயங்களின் காவல் தெய்வமாக வைத்திருப்பதும் இந்த மலையோடு சேர்ந்த மரபுதான். தாவோ மதத்தாருக்கு இவர் பேரரசர், கன்ஃபூசியஸ் வழியினருக்குப் போர்த்துறையின் ஞானி. மூன்று பக்கமும் ஏற்றுக்கொண்ட தெய்வம் என்பதால் கோயிலுக்குள் இது எந்த மதம் என்று யாரும் உங்களிடம் சண்டைக்கு வரமாட்டார்கள்.

குவான் யின் என்கிறார்களே, அவரும் இவரும் ஒன்றா?

இல்லை. குவான் யின் கருணையின் தெய்வம், பெண் உருவம், வெள்ளை உடை. குவான் டி சிவப்பு முகம், நீளத் தாடி, கையில் ஆயுதம். பெயர்தான் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும்.

சொந்த ஊர்ச் சாமி எத்தனையோ இருக்க, கடல் தாண்டி வந்தவர்கள் ஏன் இவரைக் கொண்டு வந்தார்கள்?

என் பார்வையில் இந்தக் கோயிலின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கத்துக்கு வந்த சீனக் கூலியை நினைத்துப் பாருங்கள். பெண்டாட்டி பிள்ளை ஊரில். அண்ணன் தம்பி கிடையாது. கையில் காசு இல்லை, கடன்தான் இருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவன் யார் என்றே தெரியாது. காய்ச்சல் வந்து விழுந்தால் பார்க்க ஆள் வேண்டும், சம்பாதித்த காசை ஊருக்குக் கொண்டு போகிறவன் ஏமாற்றாமல் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் என்று ஒன்று இருந்தாலும் அது அவன் மொழியில் பேசாது. அப்படி இருக்கும் இடத்தில் ஒருவனை ஒருவன் நம்ப ஒரே வழி, சாமி முன்னால் சத்தியம். எந்தச் சாமி? ரத்த உறவே இல்லாத இரண்டு பேரை அண்ணன் தம்பியாக ஏற்றுக்கொண்டு, அந்த உறவுக்காக உயிரையே விட்டவர் ஒருவர் இருக்கும்போது வேறு யார் முன்னால் போய் சத்தியம் செய்வது? லியூ பெய், குவான் யூ, சாங் ஃபெய் மூவரும் பீச் மரத் தோட்டத்தில் சகோதரர்களாக உறுதி எடுத்தது கதையில் வருவது. வரலாற்றில் அவர்கள் உடன்பிறந்தவர்கள் மாதிரி நெருக்கமாக இருந்தார்கள் என்பது வரை எழுதியிருக்கிறது. ஆனால் சுரங்கத் தொழிலாளிக்கு அந்தத் தோட்டம்தான் தேவைப்பட்டது.

வியாபாரிகள் இவரைச் செல்வம் தரும் சாமியாகக் கும்பிடுவதும் இதிலிருந்துதான் வருகிறது. பேச்சு மாறாதவன் கடையில்தான் ஆள் வாங்குவான், பங்காளி ஏமாற்றாத தொழில்தான் நிற்கும். சீனச் சாப்பாட்டுக் கடைகளில் வாசலைப் பார்த்தபடி சிவப்பு விளக்கு எரியும் சின்ன மாடம் இருக்குமே, அதில் தாடியோடு நிற்பவர் பெரும்பாலும் இவர்தான். கவனித்துப் பாருங்கள், முகம் வாசல் பக்கம் இருக்கும்படிதான் வைப்பார்கள்.

உள்ளே போனால் எதைப் பார்ப்பது?

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். கூம்பு மாதிரி சுருள் சுருளாகத் தொங்குவது ஊதுபத்திதான். சிறியது சில மணி நேரம், பெரியது பல நாள் எரியும். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சீட்டு ஒன்று தொங்கும், அதில் வாங்கிப் போட்டவர் பெயரும் வேண்டுதலும் எழுதியிருக்கும். நம்மூரில் அர்ச்சனைச் சீட்டில் பெயர், நட்சத்திரம் எழுதிக் கொடுப்போமே, அதே எண்ணம்தான். அடியில் நேராக நின்று அண்ணாந்து பார்க்காதீர்கள், சாம்பல் துண்டு துண்டாக விழும். தோளில் விழுந்தால் பரவாயில்லை, கண்ணில் விழுந்தால் அன்றைய நாள் போச்சு.

பிறகு கருவறைப் பக்கம். நடுவில் குவான் டி. முகம் சிவப்பு, அது கோபம் இல்லை, நேர்மைக்கும் விசுவாசத்துக்கும் சீன நாடக மரபில் வரும் நிறம். பச்சை அங்கி, மார்பு வரை தாடி. குவான் டி கோயில்களில் வழக்கமாகப் பக்கத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். கறுத்த முகமும் முறைத்த பார்வையுமாக ஆயுதத்தைத் தாங்கி நிற்பவர் சோவ் சாங், கதையில் வரும் விசுவாசமான உதவியாள். வெளுத்த முகத்தோடு முத்திரைப் பெட்டியை வைத்திருப்பவர் மகன் குவான் பிங், அப்பாவோடு சேர்ந்தே பிடிபட்டுச் செத்தவர். சில கோயில்களில் சிவப்புக் குதிரை ஒன்றும் நிற்கும், அது செம்முயல் என்ற பெயருள்ள போர்க்குதிரை.

கூரையைப் பார்க்காமல் வராதீர்கள். வெளியே வந்து சாலையைத் தாண்டி நின்று பார்த்தால்தான் முகட்டில் இருக்கும் டிராகன்கள் தெரியும், உள்ளே நின்றால் தெரியாது.

அந்தப் பெரிய ஆயுதத்தைத் தொட்டால் நல்லது நடக்குமாமே?

நீளக் கம்பின் முனையில் பிறை மாதிரி வளைந்த அகலக் கத்தி. அதற்குப் பெயரே குவான் தாவ், அதாவது குவானின் கத்தி. இந்தக் கோயிலில் இருப்பது 59 கிலோ என்று சொல்கிறார்கள். அதைத் தொட்டோ தூக்கியோ கும்பிட்டால் காப்பு கிடைக்கும் என்பது நம்பிக்கை. தொடுவதற்கு யாரும் தடை சொல்வதில்லை, ஆனால் முதலில் சாமியைக் கும்பிட்டுவிட்டு, பிறகு தொடுங்கள். தூக்குவதாக இருந்தால் கோயில் ஆளைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முதுகுவலி இருப்பவர்கள் தொட்டாலே போதும்.

ஒரு தகவல்: இப்படிப்பட்ட ஆயுதம் குவான் யூ காலத்தில் கிடையாது, பல நூறு வருடம் பிந்தியது. கதை எழுதியவர்கள் அவர் கையில் கொடுத்தார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது. தெரிந்துகொண்டு கும்பிடுவதில் குறை ஒன்றும் இல்லை.

நான் இந்து. இங்கே கும்பிடலாமா? திருநீறு வைத்துக்கொண்டு போனால் ஏதாவது சொல்வார்களா?

தாராளமாகக் கும்பிடலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எதிரே மாரியம்மன் கோயிலில் சீனர்கள் வந்து கைகூப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், பத்துமலையில் சீனர்கள் காவடி எடுப்பதும் பினாங்குத் தைப்பூசத்தில் ரதத்துக்கு முன்னால் மலைமலையாகத் தேங்காய் உடைப்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர்கள் நம் சாமியிடம் வரும்போது எந்தச் சந்தேகமும் படுவதில்லை. நாம்தான் வாசலில் நின்று யோசிக்கிறோம்.

ஊதுபத்தி பிடிக்க விருப்பம் இல்லை என்றால் கைகூப்பிவிட்டு வந்தாலே போதும், அதையும் மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்களுடைய மத நம்பிக்கை வேறு சாமியைக் கும்பிட இடம் கொடுக்காது என்றால் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டும் வரலாம்.

ஊதுபத்தி ஏற்றும் முறை என்ன?

மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், பொதுவாக மூன்று. விளக்கில் பற்ற வைத்த பிறகு சுடர் எழுந்தால் வாயால் ஊதி அணைக்கக் கூடாது, கையால் விசிறி அணையுங்கள் அல்லது குச்சியை மெல்ல ஆட்டுங்கள். (நம் வீட்டில் பாட்டிகள் விளக்கை ஊதி அணைத்தால் திட்டுவார்களே, அதே காரணம்தான்.)

முதலில் வெளியைப் பார்த்து நின்று வானத்தைக் கும்பிட வேண்டும். சீனர்களுக்கு வானத்துச் சாமிதான் எல்லாருக்கும் மேலே. பிறகு உள்ளே திரும்பி குவான் டியை. பத்தியை இரண்டு கையாலும் நெற்றி உயரத்துக்குப் பிடித்து, மனசுக்குள் உங்கள் பெயர், ஊர், வந்த காரணம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மூன்று முறை குனிந்து கும்பிடுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். அப்புறம் சாம்பல் நிறைந்த பெரிய கலத்தில் நேராக நிற்கும்படி குத்திவிடுங்கள். கூட்ட நாளில் மற்றவர் பத்தியின் சூடான சாம்பல் கையில் விழும், அவசரப்படாமல் ஓரமாக இடம் பார்த்துக் குத்துங்கள்.

மூச்சுக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் அமாவாசை, பௌர்ணமி நாட்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. புகை கண்ணைத் திறக்க விடாது.

குச்சியைக் குலுக்கிக் குறி பார்க்கிறார்களே, நாமும் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் விளையாட்டுக்காகச் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு அம்மா கண்ணீரோடு மகனுக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார், நீங்கள் படம் எடுக்கக் குலுக்கிக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது.

முறை இதுதான். மனசில் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். எண் எழுதிய மூங்கில் குச்சிகள் நிறைந்த குழாயை இரண்டு கையாலும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஒரு குச்சி தானாக வெளியே விழும்வரை குலுக்குங்கள். இரண்டு மூன்று சேர்ந்து விழுந்தால் திரும்பப் போட்டு மறுபடி. ஒன்று விழுந்ததும் அதுதான் பதில் என்று எடுத்துவிடக் கூடாது, சாமியிடம் உறுதி கேட்க வேண்டும். அதற்குத்தான் பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. இரண்டையும் சேர்த்துக் கீழே போட்டால், ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் தட்டைப் பக்கம் மேலே இருந்தால் சாமி சிரிக்கிறார், கேள்வி சரியில்லை அல்லது பதில் உங்களுக்கே தெரியும் என்று அர்த்தம். இரண்டும் உருண்டைப் பக்கம் மேலே இருந்தால் இல்லை, குச்சியை மாற்று. ஆமாம் வந்த பிறகு குச்சியின் எண்ணுக்கு உரிய சீட்டை எடுக்கலாம். சீட்டில் நாலு வரிச் செய்யுள் இருக்கும், பழைய கதை ஒன்றைச் சுட்டிச் சொல்லியிருக்கும். அங்கே இருக்கும் பெரியவர் யாரையாவது கேளுங்கள், மலாய் கலந்து விளக்கிச் சொல்வார்கள்.

கெட்ட சீட்டு வந்தால் பயப்பட வேண்டாம். கவனமாக இரு என்றுதான் அதற்குப் பொருள்.

செருப்பு, உடை, படம் எடுப்பது?

செருப்பைக் கழற்ற வேண்டாம். மாரியம்மன் கோயிலிலிருந்து நேராக வருபவர்கள் பழக்கத்தில் வாசலில் கழற்றிவிடுகிறார்கள், தரையில் சூடான சாம்பலும் மெழுகும் கிடக்கும், போட்டுக்கொண்டே வாருங்கள். வாசலில் உயரமான நிலைப்படி இருக்கும், அதன் மேல் மிதிக்காமல் தாண்டி வையுங்கள். இது முக்கியம். உடைக்குக் கட்டுப்பாடு பலகை எதுவும் தேவையில்லை, நம் கோயிலுக்கு எப்படி வருவீர்களோ அப்படி வந்தால் போதும். சாமியை நோக்கி ஒற்றை விரலை நீட்டிக் காட்டாதீர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். துக்க வீட்டுக்காரர்கள் சில காலம் கோயிலுக்குள் போகாமல் இருப்பது அவர்களிடமும் உண்டு.

படம் எடுக்கலாம். ஃபிளாஷ் வேண்டாம், கும்பிடுகிறவர் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்ட வேண்டாம்.

படையலில் பன்றி இறைச்சி, கோழி எல்லாம் இருக்குமே, சைவக்காரர்கள் எப்படிப் போவது?

இருக்கும், விசேஷ நாளில் முழுப் பன்றியையே வறுத்து வைப்பார்கள். போர்வீரச் சாமிக்கு அசைவப் படையல் என்பது நமக்கு ஒன்றும் புதிது இல்லை, முனியாண்டிக்கும் கருப்பருக்கும் நாம் வைக்காததா? பார்க்க முடியாது என்பவர்கள் சாதாரண நாளில் போங்கள், ஆரஞ்சுப் பழமும் தேநீரும்தான் இருக்கும். நீங்கள் எதாவது கொண்டு போக விரும்பினால் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போங்கள், அது எந்தச் சீனச் சாமிக்கும் ஆகும்.

எந்த நாளில் போனால் நல்லது?

அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் வார நாள் காலை. கோயில் உயிரோடு இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், நம் அமாவாசை பௌர்ணமிக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். குவான் டியின் பிறந்தநாள் ஆறாம் சீன மாதம் 24-ஆம் நாள், ஜூலை அல்லது ஆகஸ்டில் வரும். ஐந்தாம் மாதம் 13-ஆம் நாளையும் கொண்டாடுகிற இடங்கள் உண்டு. சீனப் புத்தாண்டு சமயத்தில் நிற்க இடம் இருக்காது.

போலீஸும் கும்பிடுகிறார்கள், ரகசியக் கும்பல்களும் கும்பிடுகின்றன என்பது உண்மையா?

உண்மை. ஹாங்காங் காவல் நிலையங்களில் இவருக்கு மாடம் உண்டு. அங்கேயே ரகசியக் கும்பல்களும் இவர் முன்னால்தான் உறுதிமொழி எடுத்தன. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் சகோதரனைக் காட்டிக்கொடுக்காதே என்ற சத்தியம் இரண்டு பக்கத்துக்கும் தேவைப்படுகிறது. இதை வைத்து இது குண்டர்களின் சாமி என்று சிலர் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கும். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வந்து பத்தி ஏற்றிவிட்டுப் போகும் கடைக்காரர்களையும் தேர்வுக்கு முன்னால் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரையும் ஒருமுறை நின்று பார்த்தால் அப்படிப் பேசமாட்டார்கள்.

பக்கத்தில் இன்னொரு வீரனுக்கும் கோயில் இருக்கிறதாமே?

இருக்கிறது, கட்டாயம் போங்கள். சின் சே சி யா கோயில். லெபு புடு பக்கம், கடைகளுக்கு இடையில் கோணலாக ஒதுங்கி இருக்கும், பெரிய சாலையிலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியாது. கோலாலம்பூரின் மிகப் பழைய தாவோ கோயில், கப்பித்தான், அதாவது அந்தக் காலத்துச் சீனர்களின் தலைவர், யாப் ஆ லோய் தொடங்கியது, 1864 என்று ஆண்டு சொல்வார்கள்.

குவான் டி சீனாவிலிருந்து கப்பலில் வந்த சாமி. இங்கே இருப்பவர் இந்த மண்ணிலேயே செத்து சாமியானவர். இன்றைய செரம்பான் பக்கம் இருந்த சுங்கை ஊஜோங்கின் சீனக் கப்பித்தான் செங் மிங் லீ, 1860-இல் அங்கே நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். வெட்டியபோது வெள்ளை ரத்தம் வந்தது என்பது மக்கள் சொல்லும் கதை. அந்தச் சண்டையில் அவருக்குக் கீழே நின்று காயம் பட்டவர்தான் இளைஞனாக இருந்த யாப் ஆ லோய். பின்னால் சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் செங் மிங் லீயின் ஆவி தன் பக்கம் நின்று வழிகாட்டியது என்று யாப் ஆ லோய் நம்பினார், 1873-இல் கோலாலம்பூரை மீட்டதும் அந்தப் போரில்தான். தன் தலைவனை மறக்காமல் ஒருவன் கோயில் கட்டினான் என்பதே குவான் யூ கதையின் தொடர்ச்சி மாதிரி இருக்கிறது. யாப் ஆ லோய்க்கும் உள்ளே சிலை உண்டு. பீட மேசைக்கு அடியில் குனிந்து நுழைந்து வெளியே வருபவர்களைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள், அது அங்கே நல்வாழ்வுக்கான வேண்டுதல்.

வெளிநாடுகளில் வேறு எங்கே குவான் டி கோயில் பார்க்கலாம்?

சீனர்கள் போன இடமெல்லாம். வியட்நாமின் ஹோய் ஆனில் 1653-இலேயே கட்டினார்கள். மொரீஷியஸின் போர்ட் லூயியில் 1842 முதல் இருக்கிறது, அங்கே போகும் தமிழர்கள் எட்டிப் பார்க்கலாம். கொல்கத்தாவில் திரெட்டி பஜார் பக்கம் துங் ஆன் சர்ச் என்று தேடுங்கள், பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அங்கே சீனக் கோயில்களுக்கு சர்ச் என்றுதான் பெயர் வழங்குகிறது. ஜப்பானில் யோக்கோஹாமா கோயிலின் கதை தனி: 1923 நிலநடுக்கத்தில் போனது, கட்டினார்கள், 1945 குண்டுவீச்சில் போனது, மறுபடி கட்டினார்கள், 1986-இல் தீப்பிடித்தது, 1990-இல் இப்போது இருப்பதைக் கட்டி முடித்தார்கள்.

மாரியம்மன் கோயிலையும் சேர்த்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். மாரியம்மன் கோயிலில் தொடங்குவது வசதி, காலைப் பூஜையும் பார்த்துவிடலாம். தம்புசாமிப் பிள்ளை 1873-இல் குடும்பக் கோயிலாகத் தொடங்கி, 1885-இல் இந்தச் சாலைக்கு வந்தது. மூன்று வருடத்தில் எதிர்ப்பக்கம் குவான் டி வந்துவிட்டார். ஆக இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் குடிவந்த அண்டை வீட்டார், தைப்பூச ரதம் பத்துமலைக்குப் புறப்படுவதும் இந்தச் சாலையிலிருந்துதான். மாரியம்மனைக் கும்பிட்டு, பூ வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டி, சாலையைத் தாண்டி குவான் டி. அங்கிருந்து நடந்து சின் சே சி யா. வெயில் ஏறுவதற்குள் மூன்றும் முடியும். மதியச் சாப்பாட்டுக்கு பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்துகள் இருக்கின்றன, சைவம் வேண்டுமென்றால் லெபு அம்பாங் பக்கம் போய்விடுங்கள்.